பன்னிரண்டாம் வரி

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
எனக்கு இருந்தது:
அமைப்புக் கோப்பின் பன்னிரண்டாம் வரி.

பதினான்கு நீரேற்று நிலையங்கள்
நொடிக்கொரு தரம் தம் நாடியைத் தாமே பிடித்துச் சொல்லும்:
அழுத்தம் சரி, மோட்டார் சரி, அழுத்தம் சரி.
டர்பன் அலுவலக சர்வரில்
டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம்.
வெள்ளிக்கிழமை மாலை. கார் சாவி கையில்.
எச்சரிக்கைக்குக் குறைந்த எதையும் எழுதாதே என்றேன்.
ஏழு நாளுக்கு மேல் எதையும் வைத்திராதே என்றேன்.
பதினான்கு வாய்களும் மூடின.
வழியில் குடைந்த ரொட்டியில் அவரைக்கறி வாங்கி
காரிலேயே தின்றேன், அவ்வளவு நிம்மதி.

பதினொன்றாம் நாள் கடிதம் வந்தது.
மிஸ் படையாச்சி அவர்களுக்கு.
வெருலம் மேட்டு நிலையம், இரவுக் காவலர் மண்ட்லாகே,
பணி நேரத்தில் உறக்கம்.
நாற்பது மீட்டர் செம்புக் கேபிள் பின்வேலி வழியே போயிற்று.
பத்து நிமிடத்துக்கொரு தரம் கதவைத் திறந்து
டார்ச் அடித்துச் சுற்றி வந்ததாக அவர் சொல்கிறார்.
கதவில் சென்சார் இருக்கிறதாமே,
பதிவை அனுப்பவும்.

கதவு திறப்பது எச்சரிக்கை அல்ல.
கதவு திறப்பது வெறும் செய்தி.
செய்திகளை நான் நிறுத்தியிருந்தேன்.
நிறுத்தாதிருந்தாலும்
ஏழு, எட்டு, ஒன்பது, பத்து...
'பதிவு ஏதும் இல்லை' என்று பதில் தட்டினேன்.
அனுப்பவில்லை.

கரும்புக்கு நடுவே செம்மண் ஏற்றம்.
மண்ட்லாகே கேட்டைத் திறந்தார், என் முகம் பார்க்காமல்.
சுவரில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி,
அதன் வயிற்றில் நகத்தளவு மெமரி கார்டு.
என் கட்டளை எட்டாத அந்த இடத்தில்
பெட்டி தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆனால் தேதி?
மின்வெட்டில் கடிகார பேட்டரி செத்திருந்தது.
1970 ஜனவரி 1, 00:09, கதவு திறந்தது.
1970 ஜனவரி 1, 00:19, கதவு திறந்தது.
"எழுபதா?" சிரித்தார், முதல் தடவையாக.
"அந்த வருடம் இந்த மேட்டில் இரவில் நிற்க
என் அப்பாவுக்குப் பாஸ் புத்தகம் வேண்டும்.
நிற்கவில்லை அவர். ஓடினார்."
எந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது.
மயங்கி விழித்தால் அதற்கு
எப்போதும் அதே புத்தாண்டு.

கணக்கு எளிது.
அன்றிரவு மின்சாரம் திரும்பியது 22:04.
துணைமின் நிலையத்துப் புத்தகத்தில் இருக்கிறது.
00:09 என்றால் 22:13.
07:49 என்றால் விடியல் 05:53.
இடையில் ஒரே ஒரு திறப்பு விட்டுப்போயிருக்கிறது,
01:33.
கேட்டேன். "வயிறு சரியில்லை" என்றார்.
அதையும் எழுதிக்கொண்டேன்.
ஓட்டையே இல்லாத கணக்கை யார் நம்புவார்கள்.

விசாரணை செவ்வாய்க்கிழமை.
கூட்டிக் கழித்த ஓர் இரவை
அந்த மேசை ஏற்குமோ ஏற்காதோ.

லேப்டாப்பைப் படியில் வைத்துப்
பன்னிரண்டாம் வரியைத் திறந்தேன்.
ஏழை அழித்தேன்.
எண்ணைச் சொல்கிறேன்.
(வாய்விட்டுச் சொன்னபோதுதான்
எனக்கே வேறாகக் கேட்டது.)
நூற்றெண்பது என்று போட்டேன்.
கதவுக்குத் தனிக் கோப்பு.
கடிகாரத்துக்குப் புது பேட்டரி, இருபது ராண்ட், என் காசு.

18:40. மண்ட்லாகே டார்ச்சை எடுத்தார்.
கதவு கிரீச்சிட்டது.
அரை நொடி கழித்து
திரையில் எழுந்தது அந்த வரி,
சரியான வருடத்தில்.