வாங்குபவரின் உயரம்

வீட்டு ஏஜண்ட் மிஸ் கூ
வரவேற்பறையில் உட்காரவே இல்லை.
நேராகக் குளியலறைக்குப் போனாள்,
விளக்கைப் போட்டாள், அணைத்தாள்.
"இந்த நிலையில் யாரும் வாங்க மாட்டார்கள்.
எட்டாயிரம் ரிங்கிட் போடுங்கள்,
இருபத்தைந்தாயிரம் ஏற்றிச் சொல்கிறேன்"
என்றாள் மலாயில்.
உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
சிங்கப்பூரிலிருந்து நீ
ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினாய்.
வக்கீல் எழுதிய தாளில்
பாதி உனக்கு, பாதி எனக்கு.
எட்டாயிரத்திலும் பாதி உண்டா என்று
தாளில் இல்லை.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
நான் வந்து படுக்கும் நேரம் பார்த்து
ஆ செங்கின் ஆட்கள் உடைக்கத் தொடங்குவார்கள்.
தலையணைக்குள்ளேயே டிரில் ஓடும்.
முதல் நாளே போனது தண்ணீர்த் தொட்டி,
மூலையில் இடுப்பளவு உயரம், நீல ஓடு.
அடித்தளத்தைப் பெயர்த்தபோது
மண் சொதசொதவென்று இருந்தது.
மாதா மாதம் தண்ணீர் பில்லை நடுவில் வைத்து
நீதான் திறந்து விட்டாய், இல்லை நீதான் என்று
நாம் தேடிய தண்ணீர்
பதினாறு வருடமாக இங்கேதான் குடியிருந்திருக்கிறது.
படம் எடுத்தேன்.
அனுப்பவில்லை.

மூன்று வாரம் ரெஜினா மேரி வீட்டில் குளித்தேன்.
காலை ஏழே முக்காலுக்கு
வாளியும் துண்டுமாக நான் கேட்டைத் தாண்டினால்
பள்ளி வேன்காரர் பிரேக் போடுவார்.
சுங்கை டுவா தெருவுக்கே தெரிந்துவிட்டது
நாம் விற்கிறோம் என்று.
எதைப் பிரிக்கிறோம் என்று
ரெஜினா மட்டும் கேட்கவில்லை,
சோப்பை எடுத்துத் தந்தாள்.

ஓடு சாம்பல். கதவு சாம்பல்.
கைகழுவும் தொட்டியின் அடிப்பலகையும் சாம்பல்.
"சாம்பலை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்"
என்றான் ஆ செங்.
பிடிக்கும் என்று அவன் சொல்லவில்லை.

ஓடு பதிக்கிற ஹம்சான் லொம்போக்காரன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்:
"காக், ஷவர் எந்த உயரத்தில்?"
யார் வாங்கப் போகிறார்கள்,
அவர்கள் நெட்டையா குட்டையா,
எந்தத் தலை இந்தத் தண்ணீருக்குக் கீழே வரும்,
எனக்கெப்படித் தெரியும்?
கையைத் தூக்கி ஓரிடம் காட்டினேன்.
அவன் கோடு போட்டான், துளைத்தான்.
சுவர் தூசி அடங்கிய பிறகுதான் கண்டேன்:
உன் தலைக்கு மேலே சரியாக ஒரு சாண்.
பழைய ஹீட்டருக்குக் கீழே நீ குனிந்தே குளித்தாய்.
ஞாயிறு தவறாமல்
கழுத்துக்குத் தைலம் கேட்டாய்.
ஒரு முறையாவது
ஷவரை ஏற்றி வைப்போம் என்று
நீயும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மிஸ் கூ வெள்ளைத் துண்டுகளைச் சுருட்டி அடுக்கினாள்.
யாரும் துடைத்துக்கொள்ளக் கூடாத துண்டுகள்.
ஒரு பிளாஸ்டிக் செடி.
"விற்கும் வரை உள்ளே ஈரம் ஆகக் கூடாது."
ஆக, என் வாளி ரெஜினா வீட்டிலேயே தங்கிவிட்டது.

முதலில் வந்த ஜோடி
கண்ணாடி முன் படம் எடுத்துக்கொண்டு போனது.
அடுத்து வந்தவர் மோதிரத்தால் ஓடு ஓடாகத் தட்டி
எங்கே பொள்ளல் என்று காது கொடுத்தார்.
மூன்றாவது புவான் ரொஹானி,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
என் தோளுக்குத்தான் இருப்பார்.
வாசலிலேயே நின்று
மூலையை வெகுநேரம் பார்த்தார்.
"கோலா இல்லையா?
ஒளு எடுக்க, மொண்டு ஊற்ற,
தண்ணீர் நின்றுபோனால் சேர்த்து வைக்க?"
மிஸ் கூ என்னைப் பார்த்தாள்.
"இருந்தது" என்றேன்.
"எப்போது வரை?"
"போன மாதம்."

அவர் சிரிக்கவில்லை.
எம்பி ஷவரைத் தொடப் பார்த்தார்,
எட்டவில்லை.
தொட்டி கட்ட ஐயாயிரம் ஆகும்,
விலையில் கழியுங்கள் என்கிறார்.
பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

ஹம்சான் போட்ட பென்சில் கோடு
ஷவர் குழாய்க்குப் பக்கத்தில்
இன்னும் ஒரு விரல் நீளம் மிச்சம் இருக்கிறது.
ஈரத்துணியால் ஒரு இழுப்பு, போய்விடும்.
மிஸ் கூ இரண்டு முறை சொல்லிவிட்டாள்.