நீங்கலாக

வீடு வாங்குமுன்
லொரெட்டா கச்மார் கூரையைப் பார்த்தாள்.
கரையான் உண்டா என்று
படிக்கட்டின் கீழே டார்ச் அடித்துப் பார்த்தாள்.
கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப்
பரிசோதனைக்கு அனுப்பினாள்.
டுவைட் எல்லாக் குழாய்களையும்
திறந்து திறந்து மூடினான்.

பத்திரத்தின் நான்காம் பக்கத்தில்,
பதினோரு ஏக்கர், ஒரு கொட்டில், ஆறு ஆப்பிள் மரம்,
வடக்கே ஓடை, தெற்கே மாவட்டச் சாலை,
இவையெல்லாம் சேர்த்து,
எண்ணெய், எரிவாயு, இன்னபிற தாதுக்கள் நீங்கலாக.

கையெழுத்துப் போட்ட பேனாவை
அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
இன்றும் எழுதுகிறது.

மேற்கு வர்ஜீனியாவில் அந்தச் சரிவில்
பத்து வருஷம் புல் வெட்டினார்கள்.
பிறகு டிரென்ட் பிக்ஸ்லர் என்றொருவன் வந்தான்.
பூட்ஸைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான்.
அனுமதி கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று
அவள் காப்பி ஊற்றினாள்.
அவன் கேட்டதோ ஒரு முகவரி:
ஆர்ஃபா கேட்வுட்டின் வாரிசுகள்
இப்போது எங்கே இருக்கிறார்கள், தெரியுமா?

ஆர்ஃபா கேட்வுட்
1931இல் முதலில் மாடுகளை விற்றாள்,
பிறகு நிலத்தை.
மேலே இருந்ததை விற்றாள்.
கீழே என்ன இருந்தது என்று
அவளுக்கும் தெரியாது.
அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா,
காசா பணமா, என்று
யாரோ ஒரு குமாஸ்தா சொல்லியிருக்கலாம்.

மருந்துக்கடை விடுமுறை நாளான செவ்வாய்களில்
லொரெட்டா பதிவு அலுவலகத்தின் நிலவறையில் உட்கார்ந்தாள்.
மூன்று செவ்வாய்.
ஒவ்வொரு பேரேடும் ஒரு கைக்குழந்தையின் கனம்.
வில்லங்கம் என்றால்
யாராவது சண்டைக்கு வருவது என்று நினைத்திருந்தாள்.
வில்லங்கம் சும்மாதான் இருந்தது,
தொண்ணூறு வருஷம்,
அழகான கையெழுத்தில்.

ஆர்ஃபாவுக்கு நான்கு பிள்ளைகள்.
நாலில் ஒன்று, அதில் மூன்றில் ஒன்று, அதில் பாதி.
கணக்கு போய் நின்ற இடம் ஸ்போகேன்.
அங்கே பல்செட் செய்யும் லோவெல் பார்ன்ஹார்ட்
அவள் சமையலறைக்கு ஏழாயிரம் அடி கீழே
இருபத்துநாலில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரன்.

நம்ம நிலம், கேட்டைப் பூட்டு, என்றான் டுவைட்.
பூட்டலாம், என்றார் வக்கீல்,
சாவி ஒன்று அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.
கீழே இருப்பதை எடுக்க
மேலே வழி விட்டாக வேண்டும்.
வராதே என்று சொல்வதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.
சாலை எந்த ஓரமாக, விளக்கு எந்தப் பக்கம் திரும்பி,
கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி,
தோண்டுமுன் தண்ணீரைச் சோதித்த காகிதம் யார் கையில்,
அதைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.
பையன் நல்ல பையன்தான், பூட்ஸ் துடைக்கிறான்.
அடுத்த வருஷம் அவன் வேறு கம்பெனியில் இருப்பான்.

கேட்டாள். பாதி கிடைத்தது.
வேலிக்கு என்ன நிறம் வேண்டும் என்றார்கள்.
அதை முடிவுசெய்யும் உரிமை
முழுக்க முழுக்க அவளுடையது.
பச்சை, என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்போகேனிலிருந்து போன்.
தயங்கித் தயங்கிப் பேசினான்.
முதல் காசோலை வந்ததாம், காருக்கு டயர் மாற்றினானாம்.
மன்னிப்புக் கேட்கிறானா
நன்றி சொல்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.
கடைசியில் கேட்டான்:
அந்த இடம் பார்க்க எப்படி இருக்கும்?
ஓடையைச் சொன்னாள். ஆறு மரங்களைச் சொன்னாள்.
ஒன்று புளிக்கும், அது பைக்கு மட்டும்தான் ஆகும், என்றாள்.
வேலியைச் சொல்லவில்லை.
ஏன் என்று டுவைட் கேட்டதற்கு
தோளைக் குலுக்கினாள்.

மார்ச் மாதம் நாய் செத்துப்போனது.
புளிக்கும் மரத்தடியில் டுவைட் தோண்டினான்.
ராத்திரி எட்டு மணி.
லாந்தர் தேவைப்படவில்லை,
வேலிக்கு அந்தப் பக்கத்து வெளிச்சமே போதுமானதாக இருந்தது.
ஒரு அடி. இரண்டு அடி.
மூன்றாவது அடியில் களிமண், மஞ்சளாக.
மண்வெட்டியில் சாய்ந்து நின்று
போதுமா, என்றான்.

அவள் குனிந்து
குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.
சில்லென்று இருந்தது.
உள்ளங்கையில் ஒரு சன்னமான அதிர்வு,
இல்லை, அவள் நாடிதானோ என்னவோ.

இன்னும் கொஞ்சம், என்றாள்.