ஆறாம் எண்

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் வரை
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்,
இளஞ்சிவப்பு உறைக்குள் பச்சைப் பலகை.
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்: கேக்கா?
ஆமா என்றேன்.
விளக்க ஆரம்பிப்பதற்குள் அவளுக்குத்
திங்கள்சந்தை வந்துவிடும்.

எக்ஸ்சேஞ்சில் இரவு ஆள் தோபியாஸ்.
டார்ச் பிடிக்கச் சொன்னேன்.
மூன்றாம் ரேக், பதினான்காம் இடம்.
மூடியைக் கழற்றினால் பல்லி முட்டை இரண்டு.
உடையாமல் எடுத்து
ஜன்னல் கட்டையில் வைத்தார்.

கடல் இங்கே கூப்பிடு தூரம்.
பொன் பூசிய விளிம்பிலும்
உப்பின் வெளுத்த மூச்சு.
மகளின் பென்சில் பெட்டியில் திருடிய
அழிரப்பரால் பல் பல்லாகத் துடைத்தேன்.
மணிக்கட்டில் பட்டை, பட்டையிலிருந்து ஒயர்,
ஒயரிலிருந்து பூமி.
என் உடம்பு சேர்த்துவைத்திருந்த
சில்லறை மின்னலெல்லாம்
குளச்சல் மண்ணுக்குள் போயிற்று.

பலகை உள்ளே உட்காரும்போது ஒரு சத்தம் வரும்.
வந்தது.

பிறகு கேபிள்.
இரண்டு பேசும், மூன்று கேட்கும், ஏழு நிலம்.
எதுவானாலும் ஒற்றைக் கம்பியில்
ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும்.
தூக்கக் கலக்கத்தில் நேருக்கு நேர் இணைத்துவிட்டேன்.
இரண்டு வாயும் ஒன்றுக்குள் ஒன்று கத்த
இரண்டு காதும் ஒட்டிக்கொண்டு
சும்மா கிடந்தன.
எங்கள் வீட்டு ஞாயிறு மத்தியானம் மாதிரி.
மாற்றிப் பற்றவைத்தேன். ஈயப்புகை.
திரையில் குப்பை:
கேள்விக்குறி, சதுரம், பாதி எழுத்து.
வேகம் தப்பு.
ஒன்பதாயிரத்து அறுநூறு என்று திருத்தியதும்
தயார் என்றது.

"இனி இது என்ன செய்யும்?"

பேட்டரி இறங்கினால், சூடு ஏறினால்,
ஃபியூஸ் போனால் நாகர்கோவிலுக்குச் சொல்லும்.
கதவு திறந்தாலும். அது ஆறாம் எண்.

"கதவுக்கு நான் இருக்கேன்லா.
மேல இருந்து வெள்ளம் ஒழுகினா சொல்லுமா?"

டார்ச்சை உயர்த்தினார்.
ரேக்குக்கு நேர் மேலே
பழுப்பில் ஒரு தேசப்படம்.
சிவில் பிரிவுக்கு நான்கு கடிதம் போயிருக்கிறதாம்.
மழைக்கு யாரும் எண் ஒதுக்கவில்லை.

கதவுக்கான சுவிட்ச் பெட்டியில் வரவேயில்லை.
ஆறாம் எண் வேலையற்றுக் கிடந்தது.
தோலுரித்த இரண்டு செம்புக் கம்பிகளை
அரை விரல் இடைவெளியில்
அவருடைய சோப்பு டப்பா மூடிக்குள் ஒட்டி
ரேக்கின் தலையில் வைத்தேன்.
தூக்குவாளியிலிருந்து
உப்புப் போட்ட கஞ்சிவெள்ளம் ஒரு சொட்டு விட்டார்.
கதவு திறந்திருக்கிறது, என்றது திரை.
மறுபடி துடைத்து, மறுபடி ஒரு சொட்டு விட்டார்.
போதும் என்று நான்தான் மூடியைப் பிடுங்கினேன்.

பதிவேட்டில் இதை எழுதவில்லை.

எடவப்பாதி தொடங்கிய மூன்றாம் ராத்திரி
நாகர்கோவில் கண்ட்ரோல் அறையில் என் டூட்டி.
இரண்டு பத்துக்கு பிரின்டர் இருமியது:
குளச்சல். ஆறு. கதவு திறந்திருக்கிறது.
புதுப் பையன் ஜெனிஷ் நாற்காலியைத் தள்ளி எழுந்தான்:
மேடம், கள்ளனா? போலீசுக்குச் சொல்லவா?
எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு தூறல் இல்லை.

ஒரே மணியில் தோபியாஸ் எடுத்தார்.
"தார்ப்பாய் போட்டாச்சு, மேடம்."
அவர் குரலுக்குப் பின்னால் ஒரு வாளி
ஒவ்வொன்றாக
வாங்கிக்கொண்டிருந்தது.