தையலு மனைக்கு மேற்கு

நன்னிலம் சார்பதிவாளர் ஆபீசில்
தேடுதலுக்கு ஆண்டுக் கணக்கில் கட்டணம்.
பிறந்த ஆண்டே தெரியாதவளை
எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்டேன்.
"சொத்து ஏதும் இருந்துச்சா அவங்களுக்கு?"
என்றார் பத்திர எழுத்தர் இருதயசாமி.
இல்லை.
"அப்ப கெடைக்க மாட்டாங்க."

அப்பாவுக்கு வேண்டியது ஒரு பெயர்.
டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி ஒருநாள்
"எங்கப்பாவைப் பெத்தவ பேரு என்னவா இருக்கும்?" என்றார்.
தாத்தா 'ஆத்தா' என்பாராம், அதற்கு மேல் சொன்னதில்லை.
நாற்பது ஆடி அமாவாசைகளுக்கு
பெயர் கேட்கும் இடத்தில்
அப்பா இருமிச் சமாளித்திருக்கிறார்.

முதலில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
வில்லங்கம் ஏதுமில்லை என்று
முத்திரை குத்தித் தந்தார்கள்.

தாலுகா ஆபீசில் பிறப்பு இறப்புப் புத்தகம்.
தாத்தா பிறந்த பக்கத்தை
வலது ஓரத்திலிருந்து தின்றுவந்த வெள்ளிப்பூச்சி
தகப்பன் உத்திராபதியோடு நிறுத்திக்கொண்டது.
தாய் பெயருக்கான கட்டம் இருந்த ஓட்டை வழியே
அடுத்த பக்கத்துக் காலரா தெரிந்தது.

கல்யாணத்துக்குக் காகிதம் ஏது?
பண்ணைக் கணக்கில்
'உத்திராபதி கலியாண வகை நெல் மரக்கால் 1' இருக்கிறது.
நெல்லுக்குத்தான் பதிவு.

முப்பத்தொன்றாம் வருஷத்து ஜனக்கணக்கு
தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் கிடைத்தது.
ஊருக்கு நேரே
வீடு 112, ஆண் 241, பெண் 263.
பெயர் எழுதிய சீட்டுகளைக்
கூட்டி முடித்ததும் அழித்துவிடுவார்களாம்.
அந்த 263க்கு அடியில் பென்சிலால் கோடு போட்டேன்,
நூலகருக்குத் தெரியாமல்.

பண்ணை எழுதிவைத்த உயிலையும் விடவில்லை.
நல்ல ஸ்மரணையுடன் எழுதியிருந்தார்:
நஞ்சை இரண்டு வேலி, காய்க்கும் தென்னை பதினொன்று,
வில்வண்டி ஒன்று, 'ராசு' என்கிற மயிலைக்காளை ஒன்று.
குடியிருந்தவர்கள் மொத்தமாக
'மேற்படி குடிகள்'.

நான்காம் நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்,
1924இல் சின்னத்தம்பி என்பவர்
நாற்பது ரூபாய்க்கு மனை விற்ற பத்திரம்.
வாய்க்காலுக்கு வடக்கு
கோயில் பாதைக்குத் தெற்கு
ஆவுடை வைக்கோல் போருக்குக் கிழக்கு
உத்திராபதி பெண்சாதி தையலு
குடியிருக்கும் மனைக்கு மேற்கு
இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது.

தையலு.
சத்தமாகவே படித்துவிட்டேன் போல.
கிளார்க் டிபன்பாக்ஸிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

அதன்பிறகு அவளைத் தேடவில்லை,
அக்கம்பக்கத்தாரைத் தேடினேன்.
யார் மனை விற்றார்கள்,
யார் தங்கைக்குத் தானம் கொடுத்தார்கள்,
யார் கடனுக்கு ஈடு வைத்தார்கள்.
இருபத்தொன்பதில் வேறொரு கை எழுதியிருந்தது:
தையநாயகி கொல்லைக்கு வடக்கு.
முப்பத்து மூன்றில்:
கைம்பெண் தையல்னாயகி வேலிக்குத் தெற்கு.
அப்படியானால் உத்திராபதி
இடையில் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கிறார்.
எனக்கு அதைச் சொன்னது
பக்கத்து மனைக்காரனின் கடன்.

ஒரு குழி நிலம் அவள் பெயரில் இல்லை.
ஊரார் மனைகள்
அவளைத் தொட்டுத்தான் முடிந்திருக்கின்றன.

நாற்பத்தேழில் அதே சின்னத்தம்பி மனை
மறுபடி கைமாறுகிறது.
அதே வாய்க்கால், அதே பாதை,
போர் இருந்த இடத்தில் ஆவுடை மகன் வீடு.
கடைசி வரி:
நத்தம் புறம்போக்குக்கு மேற்கு.

ரசீதுகளை மடித்துப் பையில் வைத்தேன்.
இருதயசாமி டீ வாங்கித் தந்தார், காசு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
பெயரைச் சொன்னேன்.
இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.
மூன்று பக்கத்தையும் காட்டினேன்:
மேற்கே சின்னத்தம்பி,
வடக்கே ஒரு தானம், தெற்கே ஒரு ஈடு.
ஊசி குத்தாத கையால்
காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
"கெழக்கால?" என்றார்.

தெரியாது அப்பா.
அந்தப் பக்கம்
யாரும் எதையும் விற்கவில்லை.