லி என்று முடிகிற சொற்கள்

தேவகோட்டை சார்பு நீதிமன்றத்தில்
சாட்சிகள் தமிழில் அழுவதை
ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது என் வேலை.
பதினோரு வருஷமாக.
ஓர் அழுகைக்கு ஒரு வரி:
சாட்சி அழுதார்.
மூக்கைச் சிந்தியதெல்லாம் பதிவில் வராது.

அன்றைய வழக்கு ஒரு தேக்குத் தூண்.
பள்ளத்தூரில் பதினேழு பங்காளிகளின் வீட்டில்
ஒரே ஒரு பங்காளி
ஒரே ஒரு தூணை
அடிக்கல்லோடு பெயர்த்து
காரைக்குடி பழைய சாமான் கடைக்கு
விற்றுவிட்டார்.

பெயர் வயிரவன். இருப்பு பெங்களூர்.
கூண்டேறியதும் ஆங்கிலம்தான்.
ஆக்சுவலி, அது என் பங்குத் தூண்.
ஹானஸ்ட்லி, யாரும் ஆட்சேபிக்கவில்லை.
செல் அரித்து, சார், லிட்டரலி
மாவாய் உதிர்ந்துகொண்டிருந்தது.

பர்மா தேக்கைத் தின்ற செல்லை
நான் பார்த்ததில்லை.
அதை நான் தட்டச்சு செய்யவும் முடியாது.

சொன்னதைச் சொன்னபடி அடித்துக்கொண்டே போனேன்.
மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் போகும்
பெட்ரோமாக்ஸ் மாதிரி
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னே
ஒரு லி.
விளக்கு வந்துவிட்டது
இன்னொரு விளக்கும் வந்துவிட்டது
மாப்பிள்ளையைத்தான் காணோம்.

பிறகு பொன்னழகு.
அந்த வீட்டைப் பத்தொன்பது வருஷமாய்க்
கூட்டிப் பெருக்கிக் காவல் காப்பவர்.

தூண் இல்லாததைக் கண்டு
ஆச்சரியப்பட்டீர்களா?
ம்க்கும், என்றார்.
அதில் ஆமாம் இருந்தது
இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதும் இருந்தது
கொஞ்சம் வெற்றிலையும் இருந்தது.
சாட்சி ஆச்சரியப்பட்டார், என்று அடித்தேன்.

எந்த அளவுக்கு என்பது
பதிவாக வேண்டும் யுவர் ஆனர்,
என்றார் வாதியின் வக்கீல்.

விரல்கள் தயாராகிவிட்டன.
எக்ஸ்ட்ரீம்லி. டோட்டலி. கம்ப்ளீட்லி.
எதைப் போட்டாலும் பொருந்தும்.
பொன்னழகுக்குப் பொருந்துமா என்பது வேறு.
நம் சொற்கள் திகைத்தால்
தம்மையே இன்னொரு தரம்
தொட்டுப் பார்த்துக்கொள்ளும்:
பட்டப்பகல், நட்டநடு, வெட்டவெளி.
வாலில் எதையும் கட்டிக்கொள்வதில்லை.

பொன்னழகு எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னார்:
வெடியக்காலையில
வெளக்குமாத்தோட ரெண்டாங்கட்டுக்குப் போனேன்யா.
எப்பவும் போல அந்த எடத்துல வெலகி
தூணைச் சுத்திக் கூட்டுனேன்.
கூட்டிப்புட்டு
ரெண்டு எட்டு வச்ச பெறகுதான்
ஏ ஆத்தே
எதைச் சுத்துனேன்னு நின்னேன்.

மின்விசிறி மட்டும் ஓடியது.
நான் அப்படியே அடித்தேன்.
அந்த ஆத்தே மட்டும் ஆங்கிலத்துக்கு வரவில்லை.
ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன்.

அளவு, யுவர் ஆனர்...
வக்கீல் மறுபடி எழுந்தார்.
வந்தாச்சு, உட்காருங்க,
என்றார் நீதிபதி, தமிழில்.

சனிக்கிழமை ஆணையர் நேரில் பார்வையிட்டார்.
குறிப்பெடுக்க நானும் போனேன்.
மேலே இரும்பு கர்டர் கொடுத்து
கீழே சிமென்ட் பூசி
இருந்த சுவடே இல்லாமல் மெழுகியிருந்தார்கள்.
ஆணையர் அந்த இடத்தின் மேலேயே நடந்தார்.
இரண்டு வக்கீல்களும் நடந்தார்கள்.
டேப் பிடித்த பையன் அங்கேயே குந்திக்கொண்டான்.
பொன்னழகு விலகிப் போனார்.
அது தெரிந்ததுதான்.

வயிரவன் கடைசியாய் வந்தார்,
காதில் கைபேசி,
யாரிடமோ அப்சல்யூட்லி, அப்சல்யூட்லி
என்று சொல்லிக்கொண்டு.
அந்த இடம் வந்ததும்
அவருடைய இடது தோள்
தானாக ஒதுங்கியது,
சின்ன வயசில் எத்தனையோ முறை
இடித்துக்கொண்ட தோள் போல.
சுற்றிக்கொண்டு வந்து
எங்கள் முன்னால் நின்றார்.
எல்லோரும் பார்த்துவிட்டோம்.

கைபேசியைத் தாழ்த்தி
ஆக்சுவலி, என்றார்.

காத்திருந்தேன்.
குறிப்பேட்டில் அந்தச் சொல்லும்
அதன் பிறகு ஒரு காற்புள்ளியும்
இன்னும் இருக்கின்றன.