ஊசிக் கணக்கு

காலை ஏழு மணிக்குக் கட்டுநாயக்காவில் விமானம்.
பத்தரைக்கு ஹட்டன் பஸ்.
தகரத்தில் மழை விடாமல் பேசுகிறது.
பிள்ளைகளைப் பணிய லயத்துக்கு அனுப்பிவிட்டு
கதவைத் தாழிட்டு
பச்சை வாயில் சேலையை உதறி விரித்தாள் தவமலர்.

திருச்சியில் நாலு நாள்.
யாருக்கும் என்னைத் தெரியாத நாலு நாள்.
ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு.

மூன்று தரம் சேலையில் பறந்தவன் வில்பிரட்.
போனில் அவன் சொன்னதை
கரண்டு பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்:
பாஸ்போட்டில் மீசை இருந்தால் நேரத்தோடு போ,
மீசைக்கும் முகத்துக்கும் நடுவே
அவர்கள் நடந்து பார்க்க வேண்டும்.
பேரைக் கூப்பிட்டால் சேலையோடு நிமிர்ந்து
‘அருணகிரி நான்தான்’ என்று சொல்.
பொய்முடியைப் பெட்டியடியில் அமுக்காதே,
திறக்கிறவன் ஏதோ செத்துக் கிடக்கிறதென்று அலறுவான்.
கம்பி வைத்த உள்ளாடை வேண்டாம்.
பகிடி விடாதே.
மன்னிப்புக் கேட்காதே.
கடைசி வரியை அவன் இரண்டு முறை சொன்னான்.
நான் ஒருமுறைதான் எழுதினேன்.

ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்திலிருந்து
சில்வர் கரண்டியை எடுத்தாள்.
“நில்லு. கைய விரி.”
தோளிலிருந்து இறங்கியது கரண்டி.
முந்தானை ஊசியில் ‘பீப்’ என்றாள்.
கொசுவத்தில் பீப்.
ஜாக்கெட் கொக்கிகளில் ஐந்து பீப்.
நான் சிரித்து நெளிய,
“ஆடாத. ஆடுனா சந்தேகம் வரும்.”

அவளுக்குத் தெரியும்.
பதினொரு வருடமாய் ஸ்டோரில் தூள் சலிக்கிறவள்.
சங்கு ஊதினால் வாசலில் வரிசை.
மடியை உதறு, கொண்டையை அவிழ்,
சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டு.
ஒரு பிடி தூளைத் தேடி
ஒவ்வொரு சாயந்தரமும் அவள் மேல் ஒரு கை.

“கண்ணப் பாக்காத, நெத்தியப் பாரு.
சொல்லுறதுக்கு முந்தி கையத் தூக்கிராத,
களவெடுத்தவதான் அவசரப்படுவா.
தொடுறப்ப, நாளைக்கு என்ன கறின்னு யோசி.”
இது வில்பிரட்டின் தாளில் இல்லை.

“அங்க ஆம்பள தொடுவானா, பொம்பளயா?”
கேட்பார்களாம். கேட்காவிட்டால்
நாமே தனி அறை கேட்கலாமாம்.
“என்னைய யாரும் கேட்டதில்ல” என்றாள்.
கரண்டி கொஞ்ச நேரம்
என் இடுப்பிலேயே நின்றது.

பிறகு மார்பு.
பஞ்சு நசுங்கிப்போகும். சிலிக்கனுக்கு வசதியில்லை.
போன வருடம் கடுகு வைத்துத் தைத்தோம்,
உட்காரும்போதெல்லாம் தூறல் சத்தம்.
இந்த முறை தேயிலை.
கடையில் வாங்கியது, பக்கத்துக்கு இருநூறு கிராம்,
மகனின் பள்ளிக்கூட மேஸுக்குள் நெருக்கித் தைத்தது.
கட்டிக்கொண்டு போகாதே, பெட்டியில் போடு,
அந்தப் பக்கம் போய் வைத்துக்கொள் என்பது
வில்பிரட்டின் ஏழாவது வரி.
திரையில் இரண்டு இருட்டு உருண்டை தெரியும்.
என்ன இது?
தேயிலை.
மலையிலிருந்து இறங்குகிற எவன் பெட்டியில்தான்
தேயிலை இல்லை.
கடைத் துண்டையும் மடித்து உள்ளே வைத்தாள்.
துண்டில்லாத தூள் என்றால் அவளுக்கு நடுக்கம்.

ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணினாள்.
பதினான்கு. டப்பாவில் போட்டு மூடினாள்.
கொசுவத்தை நாடாவுக்குள் இறுக்கிச் சொருகினாள்.
முந்தானை மட்டும் நிற்கவில்லை,
வழுக்கி வழுக்கி விழுந்தது.

தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊசியைக் கழற்றி
என் தோளில் குத்தினாள்.
“இது கத்துமே.”
“கத்தட்டும். யாருதுன்னு கேட்டா
எம் பேரச் சொல்லு.”

லயத்தைத் தாண்டும்வரை மேலே மழைக்கோட்டு.
வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது.
ஒற்றைக் குடையை விரித்துக்கொண்டு ஓடினோம்.
அதன் கம்பிகளை
யாரும் எண்ணவில்லை.