முப்பத்தொன்றாம் எண் கேமரா

நெருப்பு போய் மூன்று குளிர்காலம்.
யூகலிப்டஸ்கள் கிளையில் துளிர்க்க மறந்து
அடிமரம் முழுக்க இலை முளைத்து நிற்கின்றன,
அவசரத்தில் யாருடைய சட்டையையோ
மாட்டிக்கொண்டு ஓடிவந்தவர்கள்போல்.

பூட்டைத் திறந்து அட்டையை எடுக்கிறேன்.
நாற்பது இரவுகள். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள்.
பாதிக்குமேல், காற்றில் ஆடிய பெரணி.

மாலை ஆறு நாற்பது. சதுப்பு வாலபி.
வயிற்றுப்பையிலிருந்து குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே.
எட்டேகால். பாண்டிகூட்.
மூக்கு நுழையுமளவு ஒரு கூம்புக் குழி, பிறகு இன்னொன்று,
சாவியைத் தொலைத்தவன் தன் வீட்டு வாசலிலேயே தேடுவதுபோல்.
பதினொன்று ஐம்பது. பொட்டொரூ.
அந்தக் குழியின் விளிம்பில் நிற்கிறது,
முகர்கிறது,
இரண்டு முழம் தள்ளிப் போய்த் தன் குழியைத் தோண்டுகிறது.
மண்ணுக்கடியில் காளான் இருக்கிறது.
இருவருக்கும் போதுமா என்று
யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டும் ஒரே படத்தில் விழுந்தது
இந்த மூன்றாண்டில் ஒரே ஒருமுறை.
அதிலும் முதுகுக்கு முதுகு.
சகவாழ்வு என்று அறிக்கையில் எழுதுகிறாள் ஹெஸ்டர்.
என்னைக் கேட்டிருந்தால்
தகராறு இன்னும் வரவில்லை என்று எழுதச் சொல்லியிருப்பேன்.

என் வேலை இறைச்சி.
காய்ந்த துண்டு, உள்ளே நஞ்சு,
ஒரு சாண் ஆழத்தில் புதைத்து மேலே மணல் பரப்புவது.
தீக்கு முன் இந்தக் கேமராவில் மாதம் பதினொரு நரி.
இப்போது ஒன்றுமில்லை.
நரி காலி செய்த இடத்துக்கு
வாடகை கொடுக்காமல் குடிவந்திருக்கிறது ஒரு வரிப்பூனை,
விடிகாலை மூன்று பன்னிரண்டுக்கு,
எலியைக் கவ்விக்கொண்டு,
என் இறைச்சியை ஏறெடுத்தும் பாராமல்.

டல்சி வார்கோவின் நாய் பார்த்தது.
வேலியைத் தீ தின்றுவிட்ட வருஷம் அது.
எச்சரிக்கைப் பலகை இருந்தது. நாய்க்குப் படிக்கத் தெரியாது.
பெய்லிஃப் என்று பெயர். செம்மறிகளை மிரட்டாமலே திருப்பும்.
இந்த மரத்தடிவரை வந்து விழுந்தது.
குழி வெட்ட நான் கொண்டுபோன மண்வெட்டியை
அவள் வாங்கிக்கொண்டாள். என்னைப் போகச் சொன்னாள்.

அதன்பின் கடைக்கு அவள் காலையில் வருகிறாள்.
நான் நாலு மணிக்குமேல்.
ஊரில் ஒரே பெட்ரோல் பம்பு, ஒரே ரொட்டி அலமாரி.
யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

படம் ஆயிரத்து அறுநூற்று ஏழு. காலை ஐந்து ஐம்பத்தைந்து.
இரவு அங்கி, ரப்பர் பூட்ஸ், வாயில் கவ்விய டார்ச்.
டல்சி மண்டியிட்டுத் தோண்டுகிறாள்,
வெறுங்கையால்.
அடுத்த படத்தில் கையில் ஒரு பிளாஸ்டிக் பை.
அதற்கடுத்ததில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்,
இருபது நிமிடம், பன்னிரண்டு படங்கள்.
ஒன்பதாவதில் அவள் முதுகுக்குப் பின்னால்
பொட்டொரூ. தின்றுகொண்டிருக்கிறது.
அவள் திரும்பவில்லை.
அதுவும் நிமிரவில்லை.

என் பதிவேட்டில் அந்த வாரம் இப்படி இருக்கிறது:
இறைச்சி எடுக்கப்பட்டது, இனம் தெரியவில்லை.
மூன்று மாதமாக, மூன்றுமுறை, அதே கையெழுத்தில்.

கணினி ஒவ்வொரு படத்துக்கும் பெயர் கேட்கும்.
அழிக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது.
பொட்டொரூ இருக்கும் படத்தை அழிக்க
எனக்கு உரிமையில்லை. ஹெஸ்டருக்கு ஒவ்வொன்றும் வேண்டும்.
அவளிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.
எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே
புதிய துண்டை ஓடைக்கு அந்தப் பக்கம் புதைத்தேன்,
பழைய குழியை மூடாமல்.

கேமரா வேலை செய்கிறதா என்று
எதிரே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.
ஒவ்வொரு அட்டையிலும் முதல் படம்
என் முழங்கால்.